நாலு நாளில் வற்றும் மூக்குச் சதை மறுபடி ஏன் வளர்கிறது?

மூக்கில் சதை வளர்ந்து மாதக்கணக்கில் அடைத்துக் கிடக்கிறவருக்கு டாக்டர் ஒரு வாரத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தருகிறார். இரண்டாம் நாளே ஒரு பக்கம் லேசாகத் திறக்கிறது. நாலாம் நாள் காலையில் அடுப்படியிலிருந்து டிகாக்‌ஷன் வாசம் வருகிறது. வாயைப் பிளந்துகொண்டு தூங்கியவர் வாயை மூடித் தூங்குகிறார். மாத்திரை முடிகிறது. சில வாரங்கள், நல்ல நேரமாக இருந்தால் இரண்டு மூன்று மாதங்கள், தொல்லையில்லாமல் ஓடும். அப்புறம் பழையபடி முதலில் வாசனை போகும், பின்னாலேயே மூச்சும் அடைக்கும்.

எங்கள் அத்தைக்கு இது பல வருஷத்துக் கதை. சேலம் அம்மாப்பேட்டையில், தறிச் சத்தம் ஓயாத தெருவில் வீடு. மாம்பழம் கூடை கூடையாக வந்து இறங்கும் வைகாசியில் ஒரு மல்கோவாவை முகர்ந்து பார்த்து வாங்க முடியவில்லை என்பதுதான் அவர் குறைகளில் முதலிடம். மூச்சு அடைப்பெல்லாம் அதற்கு அடுத்ததுதான். "மாத்திரை நல்லாத்தான் கரைச்சுக்கிட்டு இருந்துச்சு கண்ணு, முழுசாக் கரையறதுக்குள்ள நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்பது அவர் கட்சி.

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டீராய்டு சதையைக் கரைப்பதில்லை. அந்தச் சதைக்குள் கூடியிருக்கும் செல்களை உயிரோடு வைத்திருக்கும் வேதிப்பொருட்களின் வரத்தை நிறுத்துகிறது. ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதைக் குறைக்கிறது. வரத்து நின்றதும் சதை வற்றுகிறது. மருந்து உடம்பை விட்டுப் போனதும் வரத்து மறுபடி தொடங்குகிறது. சீக்கிரம் குணமாவதற்கும் சீக்கிரம் திரும்பி வருவதற்கும் காரணம் ஒன்றேதான்.

முதலில் எந்தச் சதை என்று பார்த்துவிடலாம். மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்ற மடிப்புகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. சளி, அலர்ஜியில் அவை வீங்கினாலும் நம் ஊரில் "சதை வளர்ந்திருக்கு" என்றுதான் சொல்வார்கள். அது சிவப்பாக இருக்கும், தொட்டால் உறைக்கும். நாம் பேசும் சதைக்குப் பெயர் பாலிப், அது வேறு. காது மூக்கு தொண்டை ஓ.பி.யில் எண்டோஸ்கோப்பை மூக்கில் விட்டுத் திரையில் காட்டும்போது பார்த்தால் ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும்: தோல் நீக்கிய நுங்கு போல வெளுத்து, பளபளவென்று, உள்ளே நீர் கோத்துத் தொங்கும். கருவியின் முனையால் தள்ளினால் நகர்ந்து கொடுக்கும், வலி தெரியாது. இரண்டு கண்களுக்கும் நடுவே சின்னச் சின்ன அறைகளாக இருக்கும் எத்மாய்டு சைனஸ்தான் பெரும்பாலும் அதன் பிறப்பிடம். அங்கிருந்து நடு டர்பினேட்டின் இடுக்கு வழியாக இறங்கி வருகிறது. வழக்கமாக இரண்டு பக்கமும் இருக்கும். புற்றுநோய் இல்லை. வாசனையை உணரும் நரம்பு மூக்கின் கூரையில் இருப்பதால், அந்த இடுக்கு அடைபட்டதுமே வாசனை போய்விடுகிறது. அழற்சி அந்த நரம்பு இருக்கும் படலத்தையும் தொட்டுவிடும். அத்தைக்கு மல்கோவா தெரியாமல் போனது இப்படித்தான்.

ஐரோப்பாவில் எடுத்த கணக்குகளில் பெரியவர்கள் 100 பேரில் 2 முதல் 4 பேருக்கு இது இருக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களிடம் இன்னும் அதிகம். அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை போட்டால் மூச்சிரைப்பு கிளம்பும். ஆஸ்துமா, பாலிப், வலி மாத்திரை ஒவ்வாமை மூன்றும் சேர்ந்தவர்களுக்குச் சதை மிகவும் பிடிவாதமானது. எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்பதை இவர்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

சரி, சதைக்குள் என்னதான் இருக்கிறது? ஒரு துணுக்கை வெட்டிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் முதலில் கண்ணில் படுவது வெற்றிடம்தான். அது நீர் தேங்கி நின்ற இடம். ரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா கசிந்து திசுவுக்குள் நிற்கிறது. அதோடு வந்த ஃபைப்ரினோஜென், ஃபைப்ரின் இழைகளாக உறைந்து அந்த நீரை வடியவிடாமல் பிடித்து வைக்கிறது. உறைந்த ஃபைப்ரினைக் கரைப்பதற்கு உடம்பில் டி.பி.ஏ. என்று ஒரு நொதி உண்டு. பாலிப் திசுவில் அது குறைந்து போயிருக்கிறது. ஆக, சதையின் பருமனில் பெரும்பங்கு செல்லே இல்லை, நீர். நாலு நாளில் அது எப்படி இவ்வளவு சுருங்குகிறது என்பதற்குப் பாதி பதில் இங்கேயே கிடைத்துவிடுகிறது.

மீதிப் பாதி செல்களிடம் இருக்கிறது. இரண்டு மடலாகப் பிரிந்த உட்கரு, உள்ளே ஆரஞ்சு நிறத்தில் குருணை குருணையாக நிற்கும் துகள்கள். இவைதான் ஈஸ்னோஃபில்கள். நம் ஊரில் இந்தப் பெயர் யாருக்கும் புதிதில்லை. இழுப்பு வந்தாலும், விடாத இருமல் வந்தாலும் "ஈஸ்னோபீலியா இருக்கு" என்பது ஒரு தலைமுறைக்கே பழகிய பேச்சு. யானைக்கால் நோய்க்குத் தரும் மாத்திரையையே அதற்கும் தந்த காலம் உண்டு. அந்த யானைக்கால் புழுவால் நுரையீரலில் ஈஸ்னோஃபில் ஏறும் நோய் உண்மையாகவே இருக்கிறது, அதற்கு அந்த மாத்திரை சரிதான். ஆனால் மூக்குச் சதையில் புழுவுக்கு வேலையில்லை. புழுவை அடிப்பதற்கென்று உடம்பு வைத்திருக்கும் செல்கள், புழுவே இல்லாத இடத்தில் வந்து கூடிவிடுகின்றன.

யார் கூப்பிட்டு வந்தார்கள்? மூக்கின் உட்தோலில் இருக்கும் எபிதீலியல் செல்கள்தான். தூசு, பூஞ்சை, வைரஸ், மூக்கில் குடியிருக்கும் ஸ்டஃபிலோகாக்கஸ் பாக்டீரியாவின் நச்சு என்று ஏதாவது ஒன்றால் அடிபடும்போது இவை டி.எஸ்.எல்.பி., இன்டர்லூக்கின்-33 என்ற, மற்ற செல்களுக்குத் தூது சொல்லும் பொருட்களைச் சுரக்கின்றன. அதைக் கண்டதும் அருகில் இருக்கும் ஐ.எல்.சி-2, டி-ஹெல்பர் 2 என்ற இரண்டு வகை எதிர்ப்புச் செல்களும் கிளம்பி இன்டர்லூக்கின்-4, 5, 13 மூன்றையும் வெளியிடுகின்றன. இன்டர்லூக்கின்-5 எலும்பு மஜ்ஜையில் ஈஸ்னோஃபில் உற்பத்தியைக் கூட்டும். 4-உம் 13-உம் ரத்தக் குழாயின் உட்சுவரில் வி.கேம்-1 என்ற ஒட்டும் புரதத்தைத் தோன்ற வைக்கும். ரத்தத்தில் போய்க்கொண்டிருக்கும் ஈஸ்னோஃபில் அதில் ஒட்டி நின்று, சுவரைத் தாண்டித் திசுவுக்குள் இறங்கும். ஈயோடாக்சின் என்ற இன்னொரு பொருள் அதை மேற்கொண்டு உள்ளே இழுத்துப் போகும். சளி கூடுவதற்கும், மேலே சொன்ன டி.பி.ஏ. குறைவதற்கும் இதே 4, 13 இரண்டுதான் பொறுப்பு.

இந்த இடத்தில் சேலத்துக்காரர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. தறிப் பஞ்சு, மேக்னசைட் தூசு, சேகோ ஃபேக்டரி மாவு, செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளின் ஆசிட் புகை, இவைதானே காரணம்? ஏற்காட்டில் இருக்கிற சொந்தக்காரர்களைக் கேட்டால் அவர்கள் பனியைக் காட்டுவார்கள். காப்பித் தோட்டத்து மூட்டத்தில் காலை எட்டு மணி வரை நின்றால் யாருக்கும் மூக்கு ஒழுகத்தான் செய்யும். ஆனால் குளிர் காற்று மூக்கை ஒழுக வைக்குமே தவிர, அதனால் பாலிப் முளைப்பதில்லை. தூசு விஷயம் அப்படியே தள்ளிவிடக் கூடியதில்லை. தொழிலில் தூசும் புகையும் அதிகம் உள்ளவர்களுக்கு நாள்பட்ட சைனஸ் தொல்லை கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எபிதீலியம் அடிபட்டால் டி.எஸ்.எல்.பி. சுரக்கும் என்பதும் தெரிந்ததே. ஆனாலும் ஒரே பட்டறையில் ஒரே புகையைக் குடிக்கும் இருபது பேரில் ஒருவருக்கு மட்டும் சதை வளர்கிறது என்றால், அந்த ஒருவருடைய உட்தோலிலும் எதிர்ப்புச் செல்களிலும் தனியாக ஏதோ இருக்கிறது. ஊரை மாற்றினால் போய்விடும் என்று மலைக்கு மேலேயோ கீழேயோ குடிபோவது பலிக்காததற்கும் இதுவே காரணம்.

இப்போது அந்த ஈஸ்னோஃபிலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். ரத்தத்தில் அது ஒரு நாளுக்கும் குறைவாகத்தான் சுற்றும். திசுவுக்குள் இறங்கினால் சாதாரணமாகச் சில நாட்கள். அதற்குப் பிறகு தானாகவே ஒடுங்கிச் சாக வேண்டியது. இப்படி ஒழுங்காகச் சாவதைத்தான் அபாப்டோசிஸ் என்கிறார்கள். செல் சுருங்கும், உட்கரு கெட்டியாகும், துகள்கள் வெளியே கொட்டாது. மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவுச் செல் வந்து முழுசாக விழுங்கிவிடும். அக்கம்பக்கத்துக்குச் சேதமில்லை. பாலிப் திசுவில் இந்தச் சாவு தள்ளிப்போகிறது. 1997-ல் வெளியான ஓர் ஆய்வில், பாலிப்பிலிருந்து எடுத்த ஈஸ்னோஃபில்கள் வழக்கத்தைவிட அதிக நாள் உயிரோடு இருந்ததையும், இன்டர்லூக்கின்-5ஐத் தடுத்ததும் அவை சாகத் தொடங்கியதையும் காட்டினார்கள். புதிதாக வருபவை ஒரு பக்கம், போகாமல் தங்கிவிட்டவை மறுபக்கம். கூட்டம் இப்படித்தான் சேருகிறது.

ஈஸ்னோஃபில்லுக்கு இன்னொரு விதமான சாவும் உண்டு. செல் வெடித்து, டி.என்.ஏ. இழைகளும் துகள்களும் வெளியே கொட்டிவிடும். அந்தத் துகள்களில் உள்ள புரதங்கள் புழுவின் தோலையே அரிக்கக் கூடியவை. நம் எபிதீலியத்தை விட்டுவைக்குமா? அதோடு கேலக்டின்-10 என்ற புரதம் ஊசி ஊசியான படிகங்களாகச் சளியில் உறையும். சார்கோ-லைடன் படிகங்கள் என்று 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்தவை இவை. வெறும் அடையாளம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அழற்சியைக் கிளப்புவதில் அந்தப் படிகங்களுக்கே பங்கு உண்டு என்று 2019-ல்தான் தெளிவாயிற்று. பாலிப் நோயாளிகளின் மூக்கில் பசை மாதிரி இழுபடும் மஞ்சள் சளி வருமே, அந்தக் கெட்டித்தன்மையில் இவற்றுக்கெல்லாம் பங்கு இருக்கிறது.

ஸ்டீராய்டு இதில் எங்கே நுழைகிறது? மாத்திரையில் உள்ள பிரெட்னிசலோன் ஆகட்டும், ஸ்பிரேயில் உள்ள மொமெட்டசோன், ஃபுளூட்டிகசோன் ஆகட்டும், எல்லாம் கொழுப்பில் கரையும் சின்ன மூலக்கூறுகள். செல்லின் சவ்வை நேராகக் கடந்து உள்ளே போய்விடும். உள்ளே குளுக்கோகார்ட்டிகாய்டு ரிசெப்டர் என்ற புரதம் ஹெச்.எஸ்.பி-90 போன்ற துணைப் புரதங்களோடு சேர்ந்து சும்மா இருக்கிறது. ஸ்டீராய்டு வந்து சேர்ந்ததும் அவற்றிலிருந்து விடுபட்டு, ஏறக்குறைய அரை மணிக்குள் உட்கருவுக்குப் போகிறது. அங்கே இரண்டு வேலை. ஒன்று, அழற்சியை அடக்கும் புரதங்களின் ஜீன்களைத் திறந்துவிடுவது. இரண்டாவதுதான் நமக்கு முக்கியம்: என்.எஃப்.-கப்பா-பி, ஏ.பி-1 என்ற இரண்டு புரதங்களின் கையைக் கட்டிப்போடுவது. ஈயோடாக்சின், வி.கேம்-1, ஈஸ்னோஃபிலை வாழவைக்கும் ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்று மேலே பார்த்த பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கான ஜீன்களை இயக்குபவை இவைதான். ஜீன் நின்று, ஏற்கெனவே செய்து வைத்த புரதம் தீர்ந்து, புதிது வராமல் போவதற்குச் சில மணி நேரம் ஆகும். ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்த ஐந்தாவது நிமிஷம் மூக்கு திறக்காதது இதனால்தான். ஐந்து நிமிஷத்தில் திறக்கும் சொட்டு மருந்து வேறு ஜாதி. அது ரத்தக் குழாயைச் சுருக்குகிறது, நாள்கணக்கில் விட்டால் மூக்கை இன்னும் மோசமாக அடைக்கும்.

ஈஸ்னோஃபில் இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது. இன்டர்லூக்கின்-5, ஜி.எம்.-சி.எஸ்.எஃப். வரத்து நிற்பதால் உயிர் வாழும் வழி போகிறது. அது போதாதென்று ஸ்டீராய்டு அந்தச் செல்லுக்குள்ளேயே புகுந்து அபாப்டோசிஸைத் தூண்டுகிறது. வெடிக்காமல் ஒடுங்கிச் சாகிறது. மேக்ரோஃபேஜ்கள் அதை விழுங்கும் வேகத்தையும் ஸ்டீராய்டு கூட்டுகிறது. ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. ஆய்வகத்தில் இன்டர்லூக்கின்-5ஐ நிறைய ஊற்றினால், ஸ்டீராய்டு இருந்தும் ஈஸ்னோஃபில் சாக மறுக்கிறது. பெரிய சதை நிறைந்த மூக்கில் வெறும் ஸ்பிரே ஏன் தோற்றுப்போகிறது என்று இதை வைத்துக் கொஞ்சம் ஊகிக்கலாம். மருந்து சேரும் அளவைவிட எதிர்ப்பக்கத்து அளவு கூடி நிற்கிறது.

டி-ஹெல்பர் செல்கள் ஸ்டீராய்டுக்கு எளிதில் அடங்கும். ஐ.எல்.சி-2 அவ்வளவு சாது இல்லை; டி.எஸ்.எல்.பி. நிறைய இருக்கும் சூழலில் அது ஸ்டீராய்டைச் சட்டை செய்வதில்லை என்று சோதனைகள் காட்டுகின்றன. அலர்ஜியில் முன்நிற்கும் மாஸ்ட் செல்கள் நாள்போக்கில் எண்ணிக்கையில் குறையும். ஆனால் அவை ஹிஸ்டமின் கொட்டுவதை ஸ்டீராய்டு அந்த நிமிஷத்தில் நிறுத்துவதில்லை. ரத்தக் குழாயின் சுவர் இறுகி, கசிவு குறைகிறது. முதல் இரண்டு நாளில் நோயாளி உணரும் நிம்மதியில் பெரும்பங்கு இந்தக் கடைசி விஷயத்தால் வருவது.

பாக்டீரியாவை எதிர்க்கும் வெள்ளை அணுவான நியூட்ரோஃபில் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். ஈஸ்னோஃபிலைச் சாகடிக்கும் அதே ஸ்டீராய்டு நியூட்ரோஃபிலின் ஆயுளை நீட்டுகிறது. 1996-ல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே இதைக் காட்டினார்கள். நம் வீட்டு ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ஸ்டீராய்டு மாத்திரை போடும் வாரத்தில் ரத்தம் கொடுத்தால் ஈஸ்னோஃபில் எண்ணிக்கை, அதாவது லேபில் ஏ.இ.சி. என்று எழுதுவது, பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். வெள்ளை அணுக்களின் டோட்டல் கவுண்ட் மட்டும் 11,000-ஐத் தாண்டியிருக்கும். குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த நியூட்ரோஃபில்கள் கழன்று ரத்தத்தில் கலப்பதாலும், மஜ்ஜையிலிருந்து புதியவை இறங்குவதாலும் வரும் ஏற்றம் அது. சீட்டைப் பார்த்ததும் கிருமி புகுந்துவிட்டது என்று பதறி ஆன்டிபயாடிக் தேடி ஓடுவதற்கு முன் டாக்டரிடம் ஸ்டீராய்டு போடுவதைச் சொல்ல வேண்டும்.

இந்த வேறுபாட்டுக்கு மூக்கிலும் விலை உண்டு. ஐரோப்பாவில் பாலிப் என்றால் பெரும்பாலும் ஈஸ்னோஃபில் நிறைந்தது. சீனா, கொரியா பக்கம் நியூட்ரோஃபில் மிகுந்த பாலிப்கள் கணிசமாக இருக்கின்றன. அப்படிப்பட்ட நோயாளிகளுக்கு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தபோது சதை குறைவாகவே சுருங்கியது என்று 2012-ல் சீனாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. ரிசெப்டரிலும் வித்தியாசம் உண்டு. ஆல்ஃபா வகைதான் ஸ்டீராய்டைப் பிடித்து வேலை செய்வது. பீட்டா என்று இன்னொரு வகை ஸ்டீராய்டைப் பிடிக்காது, ஆல்ஃபாவின் வேலையையும் கெடுக்கும். பாலிப் திசுவில் பீட்டா கூடியிருப்பதைப் பல ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. ஆக "எனக்கு அந்த மாத்திரை கேட்கவே இல்லை" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அவர் சதையில் இருக்கும் செல் வேறாக இருக்கலாம்.

ஈஸ்னோஃபிலே எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்று முடிவுகட்டிவிட முடியுமா? அப்படித்தான் நானும் நினைத்திருப்பேன், 2019-ல் வந்த ஒரு சிறிய ஆய்வைப் படிக்காமல் இருந்தால். டெக்ஸ்பிராமிபெக்ஸோல் என்ற மருந்து ரத்தத்திலும் பாலிப் திசுவிலும் ஈஸ்னோஃபிலை ஏறக்குறையத் துடைத்தே எடுத்துவிட்டது. திசுவில் 97 சதவீதம் குறைந்தது. சதை? இம்மியும் சுருங்கவில்லை. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த முடிவு இதுதான். ஸ்டீராய்டு சதையை வற்ற வைப்பது ஈஸ்னோஃபிலைக் கொல்வதால் மட்டும் அல்ல. கசிவு, சளி, எபிதீலியம், டி செல் என்று ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் கைவைப்பதால். அதன் பலமும் அதுதான், அதனால் வரும் தொல்லையும் அதுதான்.

திரும்பி வளர்வதற்கு வருவோம். மருந்து நின்றதும் ரிசெப்டர் உட்கருவை விட்டுக் கிளம்பிவிடும், என்.எஃப்.-கப்பா-பி மறுபடி வேலையைத் தொடங்கும். தூண்டிய பூஞ்சையோ பாக்டீரியாவோ இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இதைவிட ஆழமான ஒரு காரணத்தை 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் தனித்தனிச் செல்லாகப் பிரித்துப் பார்த்துச் சொன்னார்கள். எபிதீலியத்தின் அடியில் இருந்து புதுச் செல்களைப் பிறப்பிக்கும் அடிச்செல்கள், இன்டர்லூக்கின்-4, 13 பட்ட தழும்பைத் தங்கள் ஜீன் இயக்கத்திலேயே வைத்திருக்கின்றன. வெளியே எடுத்து வளர்த்தாலும் அந்தத் தழும்பு முழுசாகப் போகவில்லை. அடிச்செல்லே மாறிப்போயிருந்தால் மேலே வருகிற தோல் மட்டும் பழையபடி எப்படி இருக்கும்? ஒரு வாரத்து மாத்திரை அந்த ஆழத்துக்கு எட்டுவதில்லை. அத்தை சொல்வது போல இன்னும் பத்து நாள் நீட்டியிருந்தாலும் கதை மாறியிருக்காது.

நீட்டினால் என்ன ஆகும் என்பதுதான் கவலைக்குரியது. மாத்திரை மூக்குக்கு மட்டும் போவதில்லை. சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஓரிரு நாளிலேயே எகிறும். தூக்கம் கெடும், பசி கூடும், ரத்த அழுத்தம் ஏறும். அடிக்கடி போட்டால் எலும்பு மெலியும், கண்ணில் புரை விழும், கண் அழுத்தம் கூடும், அடங்கிக் கிடந்த காசநோய் கிளம்பலாம். வாரக்கணக்கில் தொடர்ந்து போட்டால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு திடீரென்று நிறுத்தினால் ஆபத்து. இதனால்தான் ஐரோப்பிய நிபுணர்கள் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டி, ஸ்பிரேக்கு அடங்காதவர்களுக்கு வருஷத்துக்கு ஒன்று அல்லது இரண்டு குறுகிய கோர்ஸ் என்ற அளவோடு நிற்கிறது. நம் ஊரில் நடப்பது வேறு. மருந்துக் கடையில் "அண்ணா, மூக்கடைப்புக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்றால் மூன்று நான்கு மாத்திரை ஒரு காகிதத்தில் மடித்து வரும். அதில் பொட்டு மாதிரி ஒரு சின்ன மாத்திரை இருந்தால், பெரும்பாலும் அது ஸ்டீராய்டு. இப்படி வருஷம் முழுக்கச் சேர்ந்த அளவு எந்தச் சீட்டிலும் ஏறாது.

2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை என்று ஊரே நடுங்கியது நினைவிருக்கும். மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. கட்டுப்படாத சர்க்கரையும் அளவு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பில் அந்தப் பூஞ்சை முதலில் புகுந்தது மூக்கிலும் சைனஸிலும்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1948-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் முடக்குவாத நோயாளிக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டைப் போட்டு, அந்தப் பணிக்காக ஹெஞ்ச், கெண்டால், ரைக்ஸ்டைன் மூவரும் 1950-ல் நோபல் பரிசு பெற்றபோது, மருந்தை மாட்டுப் பித்தத்திலிருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் தயாரிக்க வேண்டியிருந்தது; விலை சொல்லி மாளாது. 1952-ல் பீட்டர்சன், மரே என்ற இருவர் அதில் மிகக் கடினமான ஒரு படியை ரைசோபஸ் என்ற பூஞ்சையை வைத்து ஒரே தாவலில் கடந்தார்கள். ஸ்டீராய்டு மலிவானது அதற்குப் பிறகுதான். கறுப்புப் பூஞ்சை நோயை இந்தியாவில் அதிகம் உண்டாக்குவதும் அதே ரைசோபஸ் இனம்தான்.

ஸ்பிரேயின் கணக்கு வேறு. மொமெட்டசோன் ஸ்பிரேயைப் பாலிப்புக்கு உரிய அளவில், ஒவ்வொரு மூக்கிலும் இரண்டு அழுத்து, தினம் இரண்டு வேளை என்று அடித்தால் ஒரு நாளைக்கு 0.4 மில்லிகிராம். மாத்திரை கோர்ஸில் தினம் 30 மில்லிகிராம் அளவுக்குப் போகும். மொமெட்டசோன் ரிசெப்டரை மிக இறுக்கமாகப் பிடிப்பதால் அந்தத் துளியே மூக்குக்குப் போதும். விழுங்கியதையும் கல்லீரல் அழித்துவிடுவதால் ரத்தத்தில் சேருவது 100-ல் ஒரு பங்குகூட இல்லை. இதைப் போய் "ஸ்டீராய்டாச்சே" என்று பயந்து மூலையில் வைத்துவிட்டு, கடை மாத்திரையைப் பயமில்லாமல் விழுங்குவது எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு.

ஆனால் ஸ்பிரேயை அடிக்கும் விதத்தில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். தலையை அண்ணாந்து அடித்தால் மருந்து தொண்டைக்குப் போய்விடும். கொஞ்சம் முன்பக்கம் குனிய வேண்டும். வலது மூக்குக்கு இடது கை, இடது மூக்குக்கு வலது கை. முனை நடுச்சுவரைப் பார்க்காமல் அந்தப் பக்கத்துக் கண்ணின் வெளிமுனையைப் பார்க்க வேண்டும். நடுச்சுவரிலேயே அடித்துக்கொண்டிருந்தால் அங்கே புண்ணாகி ரத்தம் கசியும். உறிஞ்சுவதும் பூவை முகர்கிற அளவுக்கு மெதுவாகத்தான். அதற்கு முன் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் உப்புக் கலந்து மூக்கைக் கழுவிவிட்டால் மருந்து சளியில் விழாமல் சதையில் படும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வாசனை மட்டும் மாத்திரைக்குத் திரும்பியது போல ஸ்பிரேக்குத் திரும்பாது, ஏனென்றால் மூக்கின் கூரை வரை துளி போய்ச் சேருவது கடினம்.

எண்டோஸ்கோப் ஆபரேஷன் சதையை எடுக்கிறது, சைனஸின் வாசலைத் திறந்துவிடுகிறது. அடிச்செல்லை அது மாற்றுவதில்லை. பெல்ஜியத்தில் ஆபரேஷன் ஆன 38 பேரை 12 வருஷம் கழித்துப் பார்த்தபோது 30 பேருக்குச் சதை திரும்பியிருந்தது. 14 பேர் மறு ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார்கள். அதனால் ஆபரேஷனுக்கு அப்புறமும் ஸ்பிரேயோ, உப்புத் தண்ணீரில் புடசொனைடு கலந்து கழுவுவதோ தொடர வேண்டும். வாசல் திறந்த பிறகு அந்த மருந்து முன்பு எட்டாத இடத்துக்கெல்லாம் எட்டும் என்பதே ஆபரேஷனின் பெரிய லாபம்.

ஸ்டீராய்டு எல்லா இடத்திலும் கைவைக்கிறது என்றால், ஒரே இடத்தில் மட்டும் கைவைக்கும் மருந்துகள் ஊசியாக வந்துவிட்டன. இன்டர்லூக்கின்-4, 13 இரண்டும் போய்ச் சேரும் ரிசெப்டரை அடைக்கும் டூபிலுமேப்புக்கு அமெரிக்காவில் பாலிப்புக்கென 2019-ல் அனுமதி கிடைத்தது. அலர்ஜிப் புரதமான ஐ.ஜி.இ.யைப் பிடிக்கும் ஓமாலிசுமேப் 2020-லும், இன்டர்லூக்கின்-5ஐப் பிடிக்கும் மெபோலிசுமேப் 2021-லும் வந்தன. டூபிலுமேப் போடுபவர்களில் சிலருக்கு ரத்தத்தில் ஈஸ்னோஃபில் தற்காலிகமாக ஏறுகிறது, ஆனாலும் சதை சுருங்குகிறது, வாசனை திரும்புகிறது. டெக்ஸ்பிராமிபெக்ஸோல் சொன்னதை இது மறுபக்கத்திலிருந்து சொல்கிறது. விலையைக் கேட்டால் அம்மாப்பேட்டைத் தறிக்காரர் யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

இவ்வளவும் இரண்டு பக்கமும் வரும் சாதாரணப் பாலிப்புக்குத்தான். ஒரு பக்க மூக்கில் மட்டும் சதை இருந்தாலோ, ரத்தம் கசிந்தாலோ, கண் துருத்தினாலோ, சின்னக் குழந்தைக்கு வந்தாலோ அது வேறு நோயாக இருக்கலாம். மேக்சிலரி சைனஸிலிருந்து பின்பக்கமாக வளரும் ஒற்றைப் பாலிப்புக்கு ஸ்டீராய்டு பெரிதாகக் கேட்காது, ஆபரேஷன்தான். கட்டியாகவும் இருக்கலாம். அந்த மூக்குக்கு மாத்திரை போட்டுப் பார்ப்போம் என்று நாள் கடத்தாமல், முதலில் எண்டோஸ்கோப்பும் சி.டி. ஸ்கேனும், தேவைப்பட்டால் பயாப்சியும் பார்த்துவிட வேண்டும்.